நடுவுல விட்டுப்போன ஒரு சைபர்

147573952589676412927. இது 2^67 - 1, அதாவது 67 ரெண்டை ஒண்ணோட ஒண்ணு பெருக்கி அதுல ஒண்ணு கழிச்சா வர்ற நம்பர். இதோட மூணு ஞாயித்துக்கிழமை மல்லுக்கட்டினேன். அதுல ஒரு ஞாயிறு முழுக்க வீண், ஆனா அந்த வீணாப்போன ஞாயிறைப் பத்தி எழுதத்தான் இப்ப உட்கார்ந்திருக்கேன்.

நான் லிப்ட் மெயிண்டனன்ஸ் டெக்னீஷியன், சிங்கப்பூர் ஈசூன்ல வீடு. காலேஜ்ல கணக்கு படிச்சவன் இல்ல, பாலிடெக்னிக் எலக்ட்ரிக்கலோட சரி, ஆனா நம்பர்னா சின்ன வயசுலேர்ந்தே ஒரு கிறுக்கு. ஊர்ல மளிகைக்கடையில கணக்கு எழுதிக்கிட்டிருந்த தாத்தா மடியில உட்கார வச்சு கூட்டல் சொல்லிக்கொடுத்ததுல வந்த கிறுக்கு அது.

ஆரம்பிச்சது பொண்ணு. செகண்டரி த்ரீ படிக்கிறா, கம்ப்யூட்டிங் எடுத்திருக்கா, பைத்தான்ல ஒரு நம்பர் பிரைமா (ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டும் வகுபடுற பகா எண்ணா) இல்லையான்னு பார்க்குற புரோகிராம் எழுதிட்டு ராத்திரி பத்து மணிக்கு நான் ஷிப்ட் முடிஞ்சு வந்து சோத்துல கை வைக்கிறேன், "அப்பா, 2^61 - 1 பிரைம், 2^67 - 1 பிரைம், 2^71 - 1 பிரைம், 2^73 - 1 பிரைம், எல்லாமே பிரைம் அப்பா, நான் பெரிய ஆள் லா"ன்னு வந்து நின்னா. 61 சரி. 67-ன்னதும் எனக்கு எங்கயோ இடிச்சுது, ஏன்னா அந்த 67 ரொம்பப் பழைய தப்பு.

மெர்சென்னு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், 1644-ல ஒரு லிஸ்ட் போட்டாரு. 257 வரைக்கும் எந்தெந்த அடுக்குக்கு 2^அடுக்கு - 1 பிரைமா வரும்னு. 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதுல 67-ம் 257-ம் தப்பு, 61, 89, 107 மூணும் விட்டுப்போச்சு. ஆனா அந்தத் தப்பைச் சொல்ல 200 வருஷத்துக்கு மேல ஆச்சு. 1876-ல எட்வார்ட் லூக்கான்னு இன்னொரு பிரெஞ்சுக்காரர் 67 பிரைம் இல்லன்னு காட்டினாரு, ஆனா எது எதால வகுபடும்னு அவரால சொல்ல முடியல. பிரைம் இல்லன்னு தெரியும், உடைக்கத் தெரியாது. வீட்டுக்குள்ள ஆள் இருக்கான்னு தெரியும், யாருன்னு தெரியாது, அந்த மாதிரி.

சரி, புரோகிராம் ஏன் பொய் சொல்லுது? எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. கரண்ட் இருக்கா இல்லையான்னு பார்க்கப் போறதுக்கு முன்னாடி டெஸ்டரை கரண்ட் இருக்குன்னு உறுதியாத் தெரிஞ்ச இடத்துல வச்சுப் பார்க்கணும், அப்புறம் வேலை செய்யுற இடத்துல வைக்கணும், மறுபடி தெரிஞ்ச இடத்துல வச்சுப் பார்க்கணும். டெஸ்டரே செத்துப்போயிருந்தா எல்லா வயரும் செத்த வயராத்தான் தெரியும், நம்பி கை வச்சா நாம செத்தோம். அதனால பொண்ணுகிட்ட சொன்னேன், இவ்வளவு பெரிய நம்பரை விடு, பதில் தெரிஞ்ச சின்ன நம்பரைக் குடுன்னு. 2^11 - 1 குடுத்தா. 2047. புரோகிராம் பிரைம்னு சொல்லுது. 2047 வந்து 23 பெருக்கல் 89. மாட்டிக்கிச்சு.

காரணம் யோசிச்சா சிரிப்பு வருது. அவ வச்சிருந்த சோதனை இதுதான்: ஒரு நம்பர் பிரைமா இருந்தா, அந்த நம்பரை விட ஒண்ணு கம்மியான தடவை 2-ஐப் பெருக்கி அந்த நம்பராலயே வகுத்தா மீதி 1 வரணும். நல்ல சோதனைதான். ஆனா நம்ம நம்பரே 2^67-ஐ விட ஒண்ணு கம்மி. அப்ப 2^67-ஐ இந்த நம்பரால வகுத்தாலே மீதி 1 வந்துரும், அப்புறம் 67, 134, 201-ன்னு ஒவ்வொரு 67-க்கும் 1, 1, 1-னு வந்துக்கிட்டே இருக்கும். நம்பர்ல ஒண்ணு கழிச்சா அது எப்பவுமே 67-ஆல வகுபடும். அதனால இந்த வகை நம்பர்கிட்ட 2-ஐ வச்சுக் கேட்டா பிரைம் பிரைம்னுதான் சொல்லும், 2047 ஆனாலும் சரி. மாப்பிள்ளையோட அம்மாகிட்ட போய் மாப்பிள்ளை எப்படின்னு விசாரிச்ச கதை. 2-ஐ எடுத்துட்டு 3 போட்டோம், 67 உடனே கவுந்துருச்சு, பிரைம் இல்ல. பொண்ணுக்கு முகம் தொங்கிப்போச்சு. "மெர்சென் அங்கிளுக்கும் அதே கதிதான் போ"ன்னேன்.

அங்கதான் எனக்கு கோல் ஞாபகம் வந்தாரு. ஃபிராங்க் நெல்சன் கோல், அமெரிக்கக்காரர், கணக்கு வாத்தியார். 1903 அக்டோபர்ல நியூயார்க்ல அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்துல பேச எழுந்தவர் ஒரு வார்த்தை பேசலயாம். போர்டுல 2^67-ஐக் கையால கணக்குப் போட்டு ஒண்ணைக் கழிச்சாரு. போர்டுல இன்னொரு பக்கம் போயி 193707721-ஐயும் 761838257287-ஐயும் எழுதி வரிசை வரிசையாப் பெருக்கினாரு. ரெண்டு விடையும் ஒண்ணு. போய் உட்கார்ந்துட்டாரு. கூட்டம் கைதட்டுச்சுன்னும், எவ்வளவு நாள் ஆச்சுன்னு கேட்டதுக்கு மூணு வருஷ ஞாயித்துக்கிழமைன்னு சொன்னாருன்னும் கதை. கதையில கொஞ்சம் உப்பு காரம் சேர்ந்திருக்கலாம், ஆனா அந்த ரெண்டு நம்பர்ல உப்பு காரம் சேர்க்க முடியாது, யாரு வேணா பெருக்கிப் பார்க்கலாம். அப்படின்னா நானும் பெருக்கிப் பார்க்குறேன்னு முடிவு பண்ணினேன். கால்குலேட்டர் இல்லாம, கையால, அவரு மாதிரியே வாயைத் திறக்காம.

முதல் ஞாயிறு தேடுறதுலயே போச்சு. விடை தெரிஞ்சும் எதுக்குத் தேடுறதுன்னு பொண்ணு கேட்டா. அவரு என்ன பாடுபட்டிருப்பாருன்னு தெரிய வேணாமா? ஒரு உதவி இருக்கு: 2^67 - 1-ஐ எந்த பிரைம் வகுத்தாலும் அது 134-ன் (67-ஓட ரெண்டு மடங்கு) மடங்கு கூட ஒண்ணுன்னுதான் இருந்தாகணும், அதோட 8-ஆல வகுத்தா மீதி 1 இல்ல 7. அப்ப 134-ஐ 1, 4, 5, 8, 9, 12-ன்னு போற நம்பராலப் பெருக்கி ஒண்ணு கூட்டினா போதும், நடுவுல இருக்குறதெல்லாம் கழிஞ்சது. நான் பேப்பர்ல போட்டுப் பார்த்தேன். 135 ஆகாது, 5-ஆல வகுபடும். 537-ல 3 இருக்கு. 671 வந்து 11 பெருக்கல் 61. 1073 பார்த்தா பிரைம் மாதிரி இருக்கும், ஆனா 29 பெருக்கல் 37. 1207-ம் அதே வேஷம், 17 பெருக்கல் 71. முதல் உண்மையான ஆள் 1609, அதுவும் வகுக்கல. இந்த வரிசையில 193707721 எத்தனாவது ஆளுன்னு கணக்குப் போட்டேன், 722,790-ஆவது. ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம், ஞாயித்துக்கிழமைக்கு எட்டு மணி நேரம்னு வச்சாக்கூட 1,500 ஞாயிறுக்கு மேல, கிட்டத்தட்ட 29 வருஷம். கோல் மூணு வருஷத்துல முடிச்சாருன்னா இப்படி ஒவ்வொண்ணாத் தட்டிப் பார்த்து முடிச்சிருக்க முடியாது. வர்க்க எண்களோட மீதியை வச்சு ஆகாத ஆளுங்களைக் கூட்டம் கூட்டமா வெளிய தள்ளியிருக்காரு. பொண்ணோட லேப்டாப்ல இதே வரிசை அரை செகண்ட். நான் தே தாரிக் டீ கிளாஸைக் கையில எடுக்கலை, முடிஞ்சுருச்சு. எனக்கு லேசா கோவமே வந்துச்சு.

அவ விடல. பொல்லார்ட் 1974-ல சொன்ன ஒரு வழி இருக்கு, அதைப் போட்டுப் பார்க்கலாம்னா. அதோட சாரம் என்னன்னா, ஒளிஞ்சிருக்குற பிரைம்ல ஒண்ணைக் கழிச்சா வர்ற நம்பர் சின்னச் சின்னத் துண்டாலயே ஆனதா இருந்தா, பிரைம் என்னன்னு தெரியாமலே அதைத் தூண்டில்ல இழுத்துடலாம். எவ்வளவு பெரிய துண்டு வரைக்கும் தூண்டில் தாங்கும்ங்கிறதை நாம முடிவு பண்ணணும். அவ பழக்க தோஷத்துல 2-ஐ வச்சு ஆரம்பிச்சா, முழு நம்பரும் அப்படியே வந்து விழுந்துச்சு. அதே மாப்பிள்ளையோட அம்மா கதை. 3 வச்சா. எல்லை 1,000 போட்டா, விடை 1, ஒண்ணும் மாட்டல. எல்லையைக் கூட்டினா நல்லதுதானேன்னு 10,000 போட்டா, மறுபடி முழு நம்பர். ரெண்டு பேரும் முழிச்சோம். புரோகிராம்ல பிழைன்னு அரை மணி நேரம் தேடினோம், பிழையே இல்ல.

193707721-ல ஒண்ணு கழிச்சு உடைச்சுப் பார்த்தப்புறம்தான் புரிஞ்சுது. 193707720 வந்து 8, 27, 5, 67, 2677, இதெல்லாம் பெருக்கினது. இன்னொரு பிரைம்ல ஒண்ணு கழிச்சா 2, 9, 29, 67, 2551, 8539. முதல் ஆளோட பெரிய துண்டு 2677, ரெண்டாவது ஆளுக்கு 8539. எல்லை 1,000-ன்னா ரெண்டு மீனும் மாட்டாது. 10,000-ன்னா ரெண்டும் சேர்ந்து மாட்டும், சேர்ந்து மாட்டினா பெருக்கல் தொகை மறுபடி பழைய நம்பர்தான், என்ன பிரயோஜனம். 2677-க்கும் 8539-க்கும் நடுவுல எங்கயாவது நிக்கணும். 3,000 போட்டா, 193707721 வந்து விழுந்துச்சு. வலை பெருசா இருந்தா மீன் கூட மாட்டும்னு நினைக்கிற ஆளுக்கு இது நல்லா உறைக்கும், எனக்கு உறைச்சுது.

ரெண்டாவது ஞாயிறு. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் போயி மாஜோங் பேப்பர் வாங்கிட்டு வந்தேன். ஸ்கூல்லயும் டிரெய்னிங்லயும் குரூப் டிஸ்கஷனுக்கு விரிப்பாங்களே அந்தப் பெரிய வெள்ளைப் பேப்பர். சுவத்துல ஒட்டினா பெயிண்ட் உரியும்னு வீட்டுக்காரம்மா உத்தரவு, அதனால பாம் ஷெல்ட்டர் (குண்டு விழுந்தா பதுங்க வீட்டுக்குள்ளயே கட்டின அறை) கதவுல மாட்டினேன். இரும்புக் கதவு, பிரிட்ஜ்ல இருந்த காந்தம் எட்டு எடுத்து ஒட்டினா ரெண்டு பேப்பர் அழகா நிக்குது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு கட்டினவங்க இதுக்குத்தான் அந்தக் கதவை வச்ச மாதிரி இருந்துச்சு.

இடது பக்கம் 2^67. இது சுலபம், 1024-ஐ வர்க்கம் பண்ணி 1048576, அதை வர்க்கம் பண்ணி 1099511627776, இது 2^40, அதை 1048576-ஆல பெருக்கினா 2^60, 1152921504606846976, அதை 128-ஆல பெருக்கினா 147573952589676412928, ஒண்ணு கழி. சுலபம்னு எழுதிட்டேன், ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு.

வலது பக்கம்தான் விஷயம். மேல 761838257287, கீழ 193707721. பெருக்குறதுக்கு முன்னாடி ஒரு தயாரிப்பு பண்ணினேன். கீழ இருக்குற நம்பர்ல 1, 2, 3, 7, 9, 0 மட்டும்தான் இருக்கு. 7 மூணு தடவை வருது. அதனால தனி பேப்பர்ல நாலு பெருக்கலை மட்டும் எழுதி வச்சுக்கிட்டேன்: 2-க்கு 1523676514574, 3-க்கு 2285514771861, 7-க்கு 5332867801009, 9-க்கு 6856544315583. இதைச் சரிபார்க்க 2-ஓட வரிசையையும் 7-ஓட வரிசையையும் கூட்டினா 9-ஓட வரிசை வரணும், வந்துச்சு. அப்புறம் போர்டுல ஒவ்வொரு வரிசையையும் ஒரு இடம் இடது பக்கம் தள்ளித் தள்ளி எழுதிக்கிட்டே வந்தேன். கண்ணுக்குக் கட்டம் கட்டின பேப்பர் இல்ல, கை எழுத்து, அதுவும் மார்க்கர்ல, அதுவும் கதவுல நின்னுக்கிட்டு.

முடிச்சேன். விடையோட தலையைப் பார்த்தேன், 147. வாலைப் பார்த்தேன், 2927. இடது பக்கமும் 147, 2927. அப்புறம் தாத்தா சொல்லிக்கொடுத்த ஒன்பது சோதனை: இலக்கமெல்லாம் கூட்டி, வர்றதையும் கூட்டி ஒத்தை இலக்கம் ஆக்கணும். 193707721-ஓட இலக்கத்தைக் கூட்டினா 37, 37-ஐக் கூட்டினா 10, 10-ஐக் கூட்டினா 1. 761838257287-க்கு 64, 10, 1. ஒண்ணு பெருக்கல் ஒண்ணு ஒண்ணு. என் விடையைக் கூட்டினா அதுவும் 1. தலை சரி, வால் சரி, ஒன்பதும் சரி. மார்க்கர் மூடியைப் போட்டுட்டு கீழ கோப்பிக்கடைக்குப் போயி ஒரு கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) குடிச்சேன், கொஞ்சம் பெருமையாவே குடிச்சேன்.

திரும்பி வந்தா பொண்ணு கதவு முன்னாடி நிக்கிறா. "அப்பா, இதுல 20 இலக்கம்தான் இருக்கு."

14762689196833702927. எண்ணிப் பார்த்தேன், 20. இடது பக்கம் 21. நாலாவது இலக்கமே இங்க 6, அங்க 5. ஒரு பில்லியன் ரெண்டு பில்லியன் தப்பு இல்ல, மொத்தமே பத்துல ஒரு பங்கு. சுத்தமா வேற நம்பர். ஆனா பார்த்த எல்லா இடத்துலயும் சரியா இருந்துச்சே!

எங்க தப்புன்னு கண்டுபிடிக்க ராத்திரி ஆச்சு. நடுவுல எக்செல்ல போட்டுப் பார்க்கலாம்னு போட்டேன், அது 147573952589676000000-ன்னு கடைசி ஆறு இடத்துக்கு சைபர் போட்டுக் காட்டுச்சு, ஒரு நிமிஷம் என் இடது பக்கமே தப்போன்னு பயந்துட்டேன். எக்செல் 15 இலக்கம்தான் ஞாபகம் வச்சுக்கும், மீதிக்கு சைபர் அடிச்சுவிடும். பொண்ணோட காசியோ அதைவிட நாணயம், 1.475739526-ஐக் காட்டிட்டு பத்தடுக்கு இருபதுன்னு ஓரமா சொல்லிட்டுப் போயிருச்சு, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி காட்டல.

தப்பு இதுதான். 193707721. நடுவுல ஒரு சைபர் இருக்கு பாருங்க, 1937-க்கும் 7721-க்கும் நடுவுல. சைபரால பெருக்கினா ஒண்ணும் வராது, எழுத ஒண்ணும் இல்ல, நேரா அடுத்த 7-க்குப் போயிட்டேன். எழுத ஒண்ணும் இல்லதான், ஆனா ஒரு இடம் தள்ளணும். தள்ளல. அதுக்கு அப்புறம் எழுதின நாலு வரிசையும் ஒரு இடம் வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்துருச்சு. அதாவது நான் 193707721-ஆல பெருக்கவே இல்ல, 19377721-ஆல பெருக்கியிருக்கேன்.

இதுக்கப்புறம் யோசிச்சதுதான் எனக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துச்சு. பெருக்கலோட கடைசி நாலு இலக்கம் ரெண்டு நம்பரோட கடைசி நாலு இலக்கத்தை மட்டும்தான் பார்க்கும். 7721 மாறல, அதனால 2927 மாறல. தலைப்பக்கம் 1937 மாறல, அதனால 147 மாறல. தப்பு நடுவுல நடந்திருக்கு, நான் ரெண்டு ஓரத்தையும் பார்த்துட்டு சரின்னுட்டேன். ஒன்பது சோதனை அதைவிட மோசம். அது இலக்கத்தைக் கூட்டுது, சைபரைக் கூட்டினா என்ன கூட்டாட்டி என்ன? 10-ஐ 9-ஆல வகுத்தா மீதி 1, அதனால ஒரு வரிசையை எத்தனை இடம் தள்ளினாலும் ஒன்பதுக்குத் தெரியவே தெரியாது. கையால பெருக்குறவன் செய்யுற ரொம்ப சகஜமான தப்பு இடம் மாத்தி எழுதுறது, அந்தத் தப்புக்கு ஒன்பது சோதனை பிறவிக் குருடு. தாத்தாவுக்கு இது தெரிஞ்சிருக்குமான்னு நினைச்சுப் பார்த்தேன். அவரு மளிகைக் கணக்குல கூட்டல்தான் அதிகம், பெரிய பெருக்கல் எங்க வந்திருக்கப் போகுது.

திங்கக்கிழமை ஒரு புளோக்ல லிப்ட் டோர் பிரச்சனைன்னு கூப்பிட்டாங்க. மெஷின் ரூம்ல டெஸ்டரை தெரிஞ்ச லைவ்ல வச்சப்பதான் மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. பொண்ணு புரோகிராமுக்கு சொன்னேனே, அதை என் ஒன்பது சோதனைக்கு நான் செய்யலயே. தெரிஞ்ச தப்பை வச்சு சோதனையைச் சோதிச்சுப் பார்க்கலயே.

அந்த வாரம் பூரா பஸ்ல போறப்ப இதான் வேலை. வேணும்னே தப்பாப் பெருக்குறது, எந்தச் சோதனை பிடிக்குதுன்னு பார்க்குறது. சின்ன நம்பர் போதும், 305-ஐ 35-ன்னு எடுத்துக்கிட்டு பெருக்கினா ஒன்பது பேசாம விட்டுருது. பதினொண்ணு பிடிக்குது. பதினொண்ணு சோதனைன்னா வலது ஓரத்துலேர்ந்து ஒரு இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழிச்சு, மறுபடி கூட்டி மறுபடி கழிச்சு வர்றதை 11-ஆல வகுத்து மீதி பார்க்குறது. ஒரு வரிசை ஒரு இடம் நகர்ந்தா கூட்ட வேண்டியது கழிக்கப்படும், கழிக்க வேண்டியது கூட்டப்படும், அதனால நகர்ந்த துண்டு 11-ஆல வகுபட்டா ஒழிய தப்பு வெளிய வந்துரும். ஆனா ரெண்டு இடம் தள்ளிட்டா இதுவும் குருடுதான், ஏன்னா கழிச்சதைக் கழிச்சா கூட்டல் ஆயிடும். அதுக்கு இலக்கத்தை எண்ணிப் பார்க்குறதுதான் வழி, பொண்ணு செஞ்ச மாதிரி.

நம்ம நம்பருக்குப் போட்டேன். 193707721-க்கு மைனஸ் 13 வருது, அதாவது மீதி 9. 761838257287-க்கு 8. ஒன்பதெட்டு 72, 11-ஆல வகுத்தா மீதி 6. இடது பக்கம் 147573952589676412927-க்கு 17, மீதி 6. சரி. என் தப்பு விடைக்கு 22, மீதி 0. அந்தத் தப்பு நம்பர் 11-ஆல மீதியில்லாம வகுபடுது! பார்த்தா 19377721 தானே 11-ஆல வகுபடுற நம்பர். ஒத்தை சைபரை விட்டதுல ஒரு பிரைம் நம்பரை 11-ஆல வகுபடுற நம்பர் ஆக்கிட்டேன். அந்த ஞாயிறு கோப்பி ஓ குடிக்கப் போறதுக்கு முன்னாடி இந்த ஒரு சோதனை, ரெண்டு நிமிஷ வேலை, போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

மூணாவது ஞாயிறு புதுப் பேப்பர். இந்தத் தடவை பென்சில்ல நெடுக்கா 21 கோடு போட்டுக்கிட்டேன், ஒரு கோட்டுக்கு ஒரு இலக்கம். சைபருக்கும் ஒரு வரிசை, 12 சைபரையும் வரிசையா எழுதினேன், வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துட்டு "இதுக்கா இவ்வளவு நேரம்"னாங்க. மாமியார் வந்திருந்தாங்க, சோபாவுல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தாங்க, பொண்ணு போன்ல வீடியோ எடுத்தா. நான் வாயைத் திறக்கல, கோல் மாதிரியே. ஆனா கோலுக்கு அந்த ஹால்ல பக்கத்து வீட்டு டிரில்லிங் சத்தம் இருந்திருக்காது, பிரஷர் குக்கர் விசில் இருந்திருக்காது, நடுவுல டெலிவரி பையன் பெல் அடிச்சிருக்க மாட்டான். பாதியில மாமியார் "சீட்டுக் கணக்கா"ன்னு கேட்டாங்க, தலையை மட்டும் ஆட்டினேன், ஆமான்னா இல்லன்னான்னு எனக்கே தெரியாது.

கூட்டுறதுதான் பெருக்குறதை விடக் கஷ்டம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நடு பத்தியில ஏழெட்டு இலக்கம் ஒண்ணு மேல ஒண்ணா நிக்கும், கைல பிடிச்ச மிச்சத்தைச் சேர்த்தா நாற்பது கிட்டப் போகும், ஒரு இடத்துல மிச்சத்தை மறந்தா அங்கேர்ந்து இடது பக்கம் பூரா நாசம். ஒவ்வொரு பத்தியையும் மேலேர்ந்து கீழ ஒரு தடவை, கீழேர்ந்து மேல ஒரு தடவை கூட்டினேன். ஒரு மணி பத்து நிமிஷம். 147573952589676412927. எண்ணினேன், 21. ஒன்பதுக்கு 1. பதினொண்ணுக்கு 6. அப்புறம்தான் இடது பக்கப் பேப்பரோட ஒவ்வொரு இலக்கமா விரல் வச்சுப் பார்த்தேன், தலை வால் மட்டும் இல்ல, நடுவுல இருக்குற 2589676-ஐயும் சேர்த்து. ஒண்ணுக்கு ஒண்ணு.

கைதட்டல் ஒண்ணும் பெருசா இல்ல. பொண்ணு தட்டினா. மாமியார் "முடிஞ்சுதா, சாப்பிடலாமா"ன்னாங்க.

பொண்ணு இப்ப 257-க்குப் போயிட்டா, மெர்சென் செஞ்ச அந்த இன்னொரு தப்பு. அது 78 இலக்கம், அதோட சின்ன பிரைமே 535006138814359, 15 இலக்கம். அதுக்கும் அதே மாதிரி வரிசை உண்டு, 134-க்குப் பதிலா 514. அரை செகண்ட்ல 722,790 ஆளைப் பார்த்த லேப்டாப்புக்கு இந்த வரிசையில 520 பில்லியன் ஆளு, அதே வேகத்துல ஓடினாலே நாலு நாளுக்கு மேல. நாலு நாள் லேப்டாப் ஃபேன் கத்திக்கிட்டு இருக்கட்டுமான்னு கேட்டா அவங்கம்மா கரண்ட் பில்லை எடுத்துக் காட்டினாங்க. அதனால எலிப்டிக் கர்வ்னு வேற ஒரு வழி படிச்சுக்கிட்டிருக்கா, எனக்கு அது இன்னும் பிடிபடல, பிடிபட்டா எழுதுறேன்.

மூணு பேப்பரும் இன்னும் பாம் ஷெல்ட்டர் கதவுலதான் இருக்கு. தப்புப் பேப்பரைக் கிழிக்க வேணாம்னு நான்தான் சொன்னேன், அந்த சைபர் இருந்திருக்க வேண்டிய இடத்துல பொண்ணு சிவப்பு மார்க்கர்ல ஒரு வட்டம் போட்டு வச்சிருக்கா. பிரிட்ஜ்ல காந்தம் இல்லாம டவுன் கவுன்சில் லெட்டரெல்லாம் கீழ விழுந்து கிடக்கு.